நோன்பு இரவில் எழுதி, பதியாமல் விட்ட பதிவு



கொஞ்சம் நீளமான பதிவு இது. நேரமிருந்தால் தேநீரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

இந்த நோன்பு காலத்தில் ஓர் இரவு, பன்னிரண்டு மணிக்குப் பிறகு, இதே இடத்தில் வேறொரு பதிவை எழுதி வைத்திருந்தோம். எங்கள் ஊர்ப் பிரதேச சபையை வெளுத்து வாங்கிய பதிவு. படமும் சேர்த்திருந்தோம். பதிவதற்கு ஒரு தட்டல்தான் பாக்கி. அதைப் பதியவில்லை. ஏன் பதியவில்லை என்பதைத்தான் இப்போது எழுதுகிறோம். ஜூன் 2ஆம் திகதியோடு நாட்டின் உள்ளூராட்சி மன்றங்கள் மீண்டும் இயங்கத் தொடங்கி ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நேரம் வராது.

எங்களைத் தெரியாதவர்களுக்கு: நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் ஒரே வருடம் படித்து வெளியேறியவர்கள். ஒருவர் சமூக விஞ்ஞானம், மற்றவர் கணிதம். நியமனம் கொழும்புக்குக் கிடைத்தது. இரண்டு வருடத்தில் இடமாற்றம் எடுத்து ஊருக்குப் போய்விடலாம் என்று வந்தோம். பதினொரு வருடமாகிறது. கொள்ளுப்பிட்டியில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் கரையோர ரயிலின் சத்தமும் காலி வீதியின் ஹோர்ன் சத்தமும் சேர்ந்து வரும். ஊரில் உம்மா தனியாக இருக்கிறார். எங்களில் ஒருவருக்கு உம்மா, மற்றவருக்கு மாமி. இத்தனை வருடத்தில் அந்த வித்தியாசம் அழிந்துவிட்டது, இருவருக்கும் உம்மாதான்.

ஊர் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை. கீழே வரும் கதையில் குற்றம் யாருடையது என்று நீங்களே பார்ப்பீர்கள். அதற்கு ஊரின் பெயர் தேவைப்படாது.

இந்த வருட நோன்பு விடுமுறைக்கு வழமைபோல் அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போனோம். முதல் பத்துக்குள் ஒரு நாள். இஷாவுக்குப் பிறகு உம்மா பெண்கள் தராவீஹ் தொழுகைக்குக் கிளம்பினார். எங்கள் ஒழுங்கையில் இரண்டு லைட் கம்பங்கள். ஒன்றில் விளக்கு எரிவதில்லை. கம்பத்துக்குப் பக்கத்தில் வடிகான். அந்த இடத்தில் கொங்கிரீட் மூடி இல்லை, ஒரு பலகை மட்டும் கிடந்தது. உம்மா பலகையின் ஓரத்தில் கால் வைத்தார், பலகை புரண்டது. சத்தம் கேட்டு ஓடினோம். கானுக்குள் ஒரு காலும் வெளியில் ஒரு காலுமாக இருந்தார். முதலில் சொன்னது, “தொழுகைக்கு நேரமாகுது, தூக்கிடுங்க” என்பதுதான்.

வலது மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். அறுபத்தெட்டு வயதில் அது லேசில் சேராது என்று டொக்டர் சொன்னார். அந்த நோன்பு முழுக்க உம்மாவால் கஞ்சிப் பானையைத் தூக்க முடியவில்லை. அதைவிட, ஸுஜூதில் கையை ஊன்ற முடியாமல் கதிரையில் இருந்து தொழுதபோது அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்கு முடியவில்லை.

அந்த இரவுதான் பதிவை எழுதினோம். “மக்கள் வரிப்பணத்தில் வாழும் பிரதேச சபையே” என்று தொடங்கியது. ஆசிரியர்கள் இல்லையா, வசனம் நன்றாகத்தான் வந்தது. உம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நல்லா ஏசியிரிக்கிங்க மகன். நம்மட மெம்பர் ஆரு?”

எங்களுக்குத் தெரியவில்லை.

தவிசாளர் எந்தக் கட்சி என்று தெரியும். எங்கள் வட்டாரத்தின் உறுப்பினர் யார், அவர் வீடு எங்கே, லைட் எரியாவிட்டால் யாரிடம் எழுதிக் கொடுப்பது, எதுவும் தெரியாது. ஒருவர் பத்தாம் பதினொராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடியியல் எடுப்பவர். “உள்ளூராட்சி மன்றங்களின் பணிகள் ஐந்து தருக” என்று வருடா வருடம் கேள்வி போடுபவர். வீதி விளக்கு, வடிகான், குப்பை அகற்றல், பொது நூலகம், மையவாடி. ஐந்தும் மனப்பாடம். சொந்த ஒழுங்கையின் விளக்குக்கு யார் பொறுப்பு என்று தெரியாது.

பதிவை மூடி வைத்தோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் எடுக்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போலவே குழம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, சமூகநலக் கொடுப்பனவு, ஜீஎஸ் கடிதம் என்று நாம் ஓடும் டீஎஸ் ஒபிஸ்தான் பிரதேச செயலகம். அது மத்திய அரசாங்கத்தின் கை. அங்கிருப்பவர்களை நாம் தெரிவு செய்வதில்லை. பிரதேச சபை நாம் வாக்களித்து உருவாக்குவது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது. அதற்கு முன்னர் இருந்தவை கிராம சபைகள். வெள்ளைக்காரன் காலத்தில் 1871இலேயே கிராமங்களுக்கென்று சட்டம் வந்துவிட்டது. நமது மூத்தவாப்பாமார் பேசிய “கிராமச் சங்கம்” அந்த வழியில் வந்ததுதான். 1981இல் கிராம சபைகளை எடுத்துவிட்டு மாவட்ட அபிவிருத்தி சபை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது நிலைக்கவில்லை. பிறகுதான் பிரதேச சபை. இன்று நாட்டில் 276 பிரதேச சபைகள், 36 நகர சபைகள், 29 மாநகர சபைகள். மொத்தம் 341.

வீதியிலும் இதே குழப்பம். ஏ, பி தரப் பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்கு. மீதி ஒழுங்கைகளும் உள்வீதிகளும் உள்ளூராட்சி மன்றத்துக்கு. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த ட்ரெக்டரை வெள்ளம் அடித்துச் சென்ற அந்த நாளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். அது பெரிய வீதி, பிரதேச சபையுடையதல்ல. அன்று ஊரில் யாரைக் கேட்டாலும் “பிரதேச சபை என்ன செய்தது” என்றுதான் கேட்டார்கள். கேள்வி தப்பு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்று கேட்பதற்கு ஒரு சபையே இருக்கவில்லை என்பதையும் யாரும் சொல்லவில்லை.

உண்மை அதுதான். 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் 19ஆம் திகதியோடு முடிந்தது. மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தல், காசில்லை என்று தள்ளிப்போனது. தள்ளிப்போனது போனதுதான். 2024 ஓகஸ்ட் 22இல் உயர்நீதிமன்றம், தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு 2025 மே 6ஆம் திகதி தேர்தல், ஜூன் 2இல் புதிய சபைகள். இடையில் இரண்டு வருடத்துக்கும் மேலாகச் செயலாளர்களும் ஆணையாளர்களும் மட்டும்தான். கிழக்கு மாகாண சபையோ 2017 செப்டம்பரில் கலைந்ததோடு சரி. எனவே அந்த இரண்டு வருடமும் எங்கள் ஊர் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்தவர்கள் என்று பார்த்தால் நாடாளுமன்றத்தில் மட்டுமே இருந்தார்கள். கானில் மூடி இல்லை என்று சொல்ல நாடாளுமன்றம் போகவேண்டும்.

எங்களோடு படித்த ஒரு நண்பர் 2023இல் வேட்புமனு கொடுத்திருந்தார். அரச ஊழியர் தேர்தலில் நின்றால் சம்பளமில்லாத லீவில் போகவேண்டும். போனார். தேர்தல் வரவில்லை. பாடசாலைக்கும் திரும்ப முடியவில்லை, சபைக்கும் போக முடியவில்லை. மாதக்கணக்காக வீட்டில் இருந்து டியூஷன் எடுத்தார். நாங்கள் அவரைக் கிண்டல் பண்ணினோம். “மெம்பர் சேர்” என்று கூப்பிட்டோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வெட்கம் அதோடு முடியவில்லை. 2025 மே 6ஆம் திகதி நாங்கள் இருவரும் கொழும்பில் தேர்தல் கடமையில் இருந்தோம். விடிய நாலரைக்கு எழும்பி, வாக்குப்பெட்டிக்கு முத்திரை வைத்து, நாள் முழுக்க மற்றவர்களின் விரலில் மை பூசினோம். எங்கள் வாக்கு ஊரில். தபால் வாக்குக்கு விண்ணப்பிக்கும் கடைசித் திகதி அந்த வருட நோன்புக்குள் வந்தது, “உள்ளூராட்சித் தேர்தல்தானே” என்று விட்டுவிட்டோம். ஜனாதிபதித் தேர்தலுக்கு விடவில்லை. பொதுத் தேர்தலுக்கும் விடவில்லை. எங்கள் வீட்டு வாசலை ஆளும் தேர்தலுக்கு மட்டும் விட்டோம்.

உம்மா வாக்களித்தார். அவருக்கு மெம்பரைத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எங்களைக் கேட்டிருக்கிறார்.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு மெம்பரைப் பார்க்கப் போனோம். ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு 25 வீதம் பெண்கள் என்ற சட்டம் 2018 தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் நாடு முழுக்க நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு முஸ்லிம் பெண் சபையில் போய் உட்காருவதை எங்கள் மூத்தம்மா கற்பனை செய்தும் பார்த்திருக்கமாட்டார். இவர் பட்டியல் மூலம் வந்தவர். அதனால் ஊரில் “பட்டியல் மெம்பர்” என்று ஒரு நக்கல். எங்களுக்கும் அந்த நக்கல் கொஞ்சம் மனதில் இருந்தது, மறைக்கத் தேவையில்லை.

உள்ளே கூப்பிட்டு இருத்தினார். உம்மாவின் கையை விசாரித்தார். அவருக்கு முதல் நாளே தெரியும், காலையில் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார். நாங்கள் அப்போது தூக்கம்.

“லைட் எரியாதது உங்களுக்குத் தெரியாதா ராத்தா?” என்று கேட்டோம். கோபத்தை அடக்கித்தான் கேட்டோம்.

ஒரு சீஆர் கொப்பியை எடுத்து வந்தார். சதுரக் கோட்டுக் கொப்பி. திகதி, ஒழுங்கை, சொன்னவர் பெயர், என்ன குறை, முடிந்ததா என்று ஐந்து நிரல். எங்கள் ஒழுங்கை லைட் ஒக்டோபர் மாதத்தில் இருந்தது. சொன்னவர் பெயரில் எங்கள் உம்மாவின் பெயர். கடைசி நிரல் வெறுமை.

“ரெண்டு தரம் கூட்டத்துல சொன்னேன் டீச்சர். ஏணி வெச்ச வாகனம் ஒண்டுதான். லைன் வேலை தெரிஞ்ச ஆள் ஒராள்தான். நவம்பர் கடைசியில காத்தும் மழையும் வந்து ஊரே இருட்டு. பாலத்தடி, ஆஸ்பத்திரி ரோட், பள்ளிவாசல் முன்னால எண்டு ஒழுங்கு போட்டாங்க. உங்கட ஒழுங்கை கீழ போயிட்டு. மூணாந்தரமும் நான் எழும்பிச் சொல்லியிரிக்கணும். சொல்லல்ல. அது என்ட பிழை.”

அரசியலில் இருக்கும் ஒருவர் “என்ட பிழை” என்று சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு என்ன சண்டை பிடிப்பது?

கொப்பியைப் புரட்டினோம். அந்த ஒரு வருடம் முழுக்க அதில் இருந்தது. எந்தப் பத்திரிகையிலும் வராத வருடம்.

மாரிக்கு முன்னர் கான் துப்புரவாக்கியது. கடற்கரைப் பக்கத்துக் கானில் இருந்து மட்டும் நாலைந்து ட்ரெக்டர் மண்ணும் பொலித்தீனும் எடுத்திருக்கிறார்கள். நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் கரையேறியபோது நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா மலைகள் சரிந்தன. உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தினார்கள். அந்த வாரம் எங்கள் ஒழுங்கைக்குள் முழங்காலளவு தண்ணீர் வந்தது. வழமையாக மூன்று நாள் நிற்கும் தண்ணீர் இம்முறை ஒன்றரை நாளில் வடிந்ததாக உம்மா ஃபோனில் சொன்னார். “அல்ஹம்துலில்லாஹ், மழை விட்டுட்டு” என்று நாங்கள் சொன்னோம். கான் யாரோ வெட்டியதால் வடிந்தது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. நடந்த வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. நடக்காத வேலைதான் காலைத் தட்டிவிடுகிறது.

கட்டாக்காலி மாடுகள். கிழக்கில் இருப்பவர்களுக்கு விளங்கும். இரவில் வீதியில் படுத்துக்கிடக்கும் மாட்டில் மோதி மோட்டார் சைக்கிள்காரர்கள் விழுவது வழமை. சபை தீர்மானம் போட்டு மாடுகளைப் பிடித்துக் கட்டி, தண்டம் அறவிடத் தொடங்கியிருக்கிறது. முதல் வாரத்தில் பிடிபட்டவற்றில் மெம்பரின் சொந்த மாமாவின் மாடும் ஒன்று. “தண்டம் கட்டினாரா?” என்று கேட்டோம். “கட்டினார். பெருநாளைக்கு எங்கட ஊட்டுக்கு வரமாட்டாராம்” என்றார்.

நூலகம். பொது நூலகங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. எங்கள் ஊர் நூலகம் பின்னேரம் நாலு மணிக்கே பூட்டிவிடும். பிள்ளைகள் பாடசாலை விட்டுக் குளித்துச் சாப்பிட்டு வரும்போது பூட்டுத்தான் தொங்கும். அதை ஆறு மணி வரைக்கும் திறந்து வைக்க ஏழு மாதம் இழுபட்டிருக்கிறது. ஒரு ஊழியரின் மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு ஏழு மாதக் கடிதங்கள்.

குப்பை. இதில் அவர் முகம் சோர்ந்துவிட்டது. எங்கள் மாவட்டத்தில் பள்ளக்காடு குப்பைமேட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுற்றியுள்ள ஊர்களின் குப்பை அங்கே போகிறது. அதில் பொலித்தீனைத் தின்று யானைகள் செத்த படம் 2022 ஜனவரியில் உலகச் செய்தியானது. எட்டு வருடத்தில் இருபது யானைகள் அளவில் என்று சொன்னார்கள். “உக்கிறதையும் உக்காததையும் வேறாக்கித் தாங்க எண்டு ஊடு ஊடா சொல்லிட்டுத்தான் இரிக்கேன் டீச்சர். ஒரே பேக்குல கட்டித்தான் வெக்கிறாங்க. மெம்பர் என்ன, குப்பை கிளாஸ் எடுக்கிற டீச்சரா எண்டு கேக்கிறாங்க.”

எழும்பும்போது மூடிக் கதையைக் கேட்டோம். லைட் சரி, கானுக்கு மூடி ஏன் போடவில்லை?

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த மூடி சபை கழட்டினது இல்ல சேர்” என்றார்.

அப்போதும் எங்களுக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து மச்சானிடம் கேட்டோம். மச்சான் எங்களைப் பார்த்தார். “மறந்துட்டிங்களா?” என்றார்.

2024இல் உம்மாவுக்காக வீட்டோடு சேர்த்து ஒரு அறையும் குளியலறையும் கட்டினோம். கொழும்பில் இருந்து காசு அனுப்பினோம், மச்சான் நின்று பார்த்தார். மண் லொறி ஒழுங்கைக்குள் திரும்பும்போது பின்சில்லு ஏறிக் கொங்கிரீட் மூடி உடைந்தது. மச்சான் அப்போதே ஃபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். “இப்ப செலவு கூட. ஒரு பலகையைப் போடுங்க, பிறகு பிரதேச சபை போடும்தானே” என்று நாங்கள்தான் சொல்லியிருக்கிறோம். சொன்னது ஞாபகமே இல்லை. சபை இல்லாத வருடம் அது. கட்டுமானத்துக்கு அனுமதி எடுக்கவும் இல்லை. யாரும் கேட்கவில்லை, நாங்களும் போகவில்லை. கட்டிய அறைக்குச் சோலைவரி கூடும் என்று ஒரு கள்ள யோசனையும் உள்ளே இருந்திருக்கலாம். சோலைவரி கட்டியே பல வருடம். ஜனவரி 31க்குள் வருடத்துக்குரியதை முழுதாகக் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு கிடைக்கும். அதுவும் வகுப்பில் படிப்பித்ததுதான்.

அன்று இஃப்தாருக்குப் பேரீச்சம்பழம் தொண்டையில் இறங்கவில்லை.

விளக்கு எரியாததற்குச் சபை பொறுப்பு. அதை நாங்கள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஐந்து மாதம் ஒரு விளக்கு எரியாமல் இருக்கக்கூடாது. ஆனால் உம்மா விழுந்தது இருட்டில் மட்டுமல்ல. எங்கள் பலகையிலும்தான். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானில் ஒரு பகுதி என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தார்கள். தொல்லையைப் போட்டவர்களே நாங்கள்.

உம்மாவிடம் சொன்னோம். பயந்து பயந்துதான் சொன்னோம். “எனக்குத் தெரியும்” என்றார். “நீங்க ஏசி எழுதினதை வாசிக்கக்குள்ள, எங்க மறந்துட்டாங்களோ எண்டுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

பெருநாள் முடிந்து கொழும்புக்கு வருவதற்கு முன்னர் மூன்று வேலை செய்தோம். வரி நிலுவையைக் கட்டினோம். அனுமதியில்லாமல் கட்டிய அறைக்குப் படம் கீறிக் கொடுத்து விண்ணப்பித்தோம், தண்டம் உண்டு, அதையும் கட்டுவோம். மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் கொடுத்தோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். எந்தப் பிரஜையும் கேட்கலாம். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தரலாமா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். நாங்கள் கேட்டது சின்ன விடயம்: கடந்த ஜூன் தொடக்கம் வீதி விளக்கு பற்றி வந்த முறைப்பாடுகள் எத்தனை, முடித்தவை எத்தனை, முடிக்காதவைக்குக் காரணம் என்ன?

மெம்பரைச் சங்கடப்படுத்துவோமோ என்று பயந்து முதலில் அவரிடம் சொன்னோம். அவர் சிரித்தார். “குடுங்க டீச்சர். நான் வாயால கேட்டா ‘பாப்பம்’ எண்டுவாங்க. கடதாசியில கேட்டா எழுதித்தான் ஆகணும். அந்தப் பதிலை நான் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு போவேன்.”

பதில் வந்தது. மூன்று பக்கம். எல்லாம் திருப்தி என்று சொல்லமாட்டோம். சில வட்டாரங்களுக்குச் சீக்கிரம் வேலை நடந்திருக்கிறது, சிலதுக்கு நடக்கவில்லை. ஏன் என்று வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். அதை மெம்பர் கூட்டத்தில் கேட்டிருக்கிறார். கேள்வி குறிப்பில் பதிவாகியிருக்கிறது. சபைக் கூட்டத்தைப் பொதுமக்களும் போய் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாதம் ஒருமுறை நடக்கும். ஹஜ் பெருநாளைக்குப் போனபோது மச்சான் சொன்னார், இப்போது நாலைந்து பேர் போய் உட்காருகிறார்களாம். பார்க்க ஆள் இருந்தால் கதிரையில் சாய்ந்து தூங்குவது குறைகிறதாம்.

கொள்ளுப்பிட்டிக்குத் திரும்பி, பத்தாம் வகுப்பில் அதே பாடம். “பணிகள் ஐந்து தருக” என்று கேட்கவில்லை. “உங்கள் வீட்டுக் குப்பை காலையில் லொறியில் ஏறிய பிறகு எங்கே போகிறது?” என்று கேட்டோம். வகுப்பு அமைதி. ஒரு பிள்ளை மட்டும் “மீத்தொட்டமுல்ல” என்றாள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அந்தக் குப்பைமலை சரிந்து 32 பேர் இறந்தார்கள். இப்போது படிக்கும் பிள்ளைகள் அன்று சின்னஞ்சிறுசுகள். பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு கொழும்பின் குப்பையைப் புத்தளம் அருவக்காட்டில் கொண்டுபோய்க் கொட்டத் திட்டம் போட்டார்கள். புத்தளத்து மக்கள் மாதக்கணக்காக வீதியில் இருந்து எதிர்த்தார்கள். கொழும்பு மாநகர சபைக்கு நாம் வரி கட்டலாம். ஆனால் நாம் கட்டிவைக்கும் பேக்கின் கதை எப்போதும் ஏதோ ஒரு கிராமத்தில்தான் முடிகிறது. அந்தக் கிராமத்திலும் ஒரு பிரதேச சபை இருக்கிறது. அதிலும் சீஆர் கொப்பியோடு ஒரு மெம்பர் இருப்பார்.

பிள்ளைகளுக்கு வீட்டு வேலை கொடுத்தோம்: உங்கள் வட்டார உறுப்பினரின் பெயரைக் கண்டுபிடித்து வாருங்கள். மறுநாள் அதிகமானவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். பெற்றோருக்குத் தெரியவில்லையாம். நாங்கள் கோபிக்கவில்லை. எந்த முகத்தோடு கோபிப்பது?

இவ்வளவும் எழுதியது எங்கள் ஊர்ச் சபைக்கு நற்சான்றிதழ் கொடுக்க அல்ல. ஒரு வருடத்தில் அவர்கள் செய்ததும் இருக்கிறது, செய்யாததும் இருக்கிறது. சண்டையும் கட்சி மாறலும் தவிசாளர் கதிரைக்குப் பேரம் பேசலும் நாடு முழுக்க நடந்தது, எங்கள் ஊரும் விதிவிலக்கல்ல. ஆனால் இரண்டு வருடம் சபை இல்லாமல் இருந்தபோது நமக்கு ஒன்றும் குறைந்த மாதிரித் தெரியவில்லையே, ஏன்? அதற்கு முன்னரும் நாம் அதனிடம் எதையும் ஒழுங்காகக் கேட்டதில்லை. இல்லாமல் போனதும் தெரியவில்லை. கேட்காதவர்களுக்கு, இருக்கும் சபையும் இல்லாத சபையும் ஒன்றுதான்.

எனவே இந்தப் பதிவைப் பகிரச் சொல்லிக் கேட்கமாட்டோம். உங்கள் வட்டார உறுப்பினரின் பெயரைத் தேடிப் பாருங்கள். தெரிந்தால் ஃபோனில் சேமித்து வையுங்கள். ஏசுவதாக இருந்தாலும் பெயர் தெரிந்து ஏசுங்கள். உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் பலகை யாருடையது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உம்மாவின் கை சேர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். மழை நாட்களில் கொஞ்சம் உளைவதாகச் சொல்கிறார். மூடிக்கு நாங்கள் காசு கொடுத்தோம், சபை ஆட்கள் வந்து போட்டார்கள். கம்பத்துக்கு விளக்கும் வந்தது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பும் நேரம் உம்மா ஃபோன் எடுத்தார்.

“மகன், லைட்டு நல்லா எரியுது.”

“சந்தோஷம் உம்மா.”

“பகல்லயும் எரியுது. அணையிறதே இல்ல. கரண்டு காசு ஆருட காசு?”

மெம்பருக்குச் சொல்லவா என்று கேட்டோம்.

“நீங்க ஒண்டும் எழுதிப் போட வேணாம். நான் காலையிலயே கொப்பியில எழுதிப்போட்டு வந்துட்டன்.”